விருது மேடையும் தீராத கடனும்

பிரிட்டனின் ‘தேசியத் தொலைக்காட்சி விருதுகள்’ 2024 செப்டம்பர் 11 அன்று லண்டன் ஓ2 அரங்கில் வழங்கப்பட்டன. சிறந்த புதிய தொடருக்கான விருதை ஐடிவி அலைவரிசையின் ‘மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் தி போஸ்ட் ஆபீஸ்’ பெற்றது. அதன் நாயகனாக நடித்த டோபி ஜோன்ஸ் சிறந்த நடிப்புக்கான விருதைப் பெற்றார். ஓராண்டு கழித்து, 2025 செப்டம்பர் 10 அன்று, அதே இரு விருதுகளும் நெட்ஃப்ளிக்ஸ் தளத்தில் வெளியான ‘அடோலசன்ஸ்’ தொடருக்கும் அதில் நடித்த 15 வயதுச் சிறுவன் ஓவன் கூப்பருக்கும் சென்றன.

இரண்டுமே நான்கு பகுதிகள் கொண்ட சிறு தொடர்கள். இரண்டுமே பார்வையாளருக்கு ஆறுதல் தராதவை. முதலாவது, கணினியின் பிழைக்காக நூற்றுக்கணக்கான சாமானியர்கள் திருடர்களாக்கப்பட்ட உண்மைக் கதை. இரண்டாவது, சக மாணவியைக் கொன்றதாகக் கைது செய்யப்படும் 13 வயதுச் சிறுவனைப் பற்றிய புனைகதை. தன் சமூகம் எங்கே தோற்றது என்று காட்டிய படைப்புகளை மக்கள் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இந்தத் தேர்வைக் கலைக்குக் கிடைத்த வெற்றியாக மட்டும் கொண்டாடிவிட்டு நகர்ந்துவிட முடியுமா?

வாக்குகள் சொல்வது என்ன?

1995இல் தொடங்கிய இவ்விருதுகளுக்குப் பொதுமக்களின் வாக்கே அடிப்படை. பாஃப்டா விருதுகளைத் துறைசார் நடுவர்களும், அமெரிக்காவின் எம்மி விருதுகளைத் தொலைக்காட்சிக் கழகத்தின் உறுப்பினர்களும் முடிவு செய்கிறார்கள். இங்கோ வீட்டுக் கூடத்தில் அமர்ந்து தொலைக்காட்சி பார்ப்பவரே நடுவர். அதனாலேயே, ‘இது தரத்துக்கான விருதன்று, பிரபலத்துக்கான விருது’ என்ற விமர்சனம் நெடுங்காலமாக உண்டு.

அந்த விமர்சனத்துக்கு ஆதாரமும் உண்டு. சிறந்த தொகுப்பாளருக்கான விருதை ஆன்ட் - டெக் இணையர் 23 ஆண்டுகள் தொடர்ச்சியாக வென்றனர். அந்தத் தொடர் வெற்றி 2025இல்தான் முடிவுக்கு வந்தது. சில மாதங்களுக்கு முன்பு பிபிசியிலிருந்து விலகியிருந்த முன்னாள் கால்பந்து வீரர் கேரி லினேக்கருக்கு அவ்விருது சென்றது. பழகிய முகத்துக்கே மீண்டும் வாக்களிப்பது மக்களின் இயல்பு. அப்படிப்பட்ட வாக்காளர்கள்தான் பாட்டுப் போட்டிகளுக்கும் நகைச்சுவைத் தொடர்களுக்கும் வாக்களித்த அதே கையால் கனமான இவ்விரு படைப்புகளையும் தேர்ந்தெடுத்தார்கள். ‘மக்கள் விரும்புவது கேளிக்கையை மட்டுமே’ என்று சொல்லித் தரமான தொடர்களைத் தட்டிக்கழிக்கும் அலைவரிசை நிர்வாகிகளுக்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை.

ஒரு கணினி, நூற்றுக்கணக்கான தண்டனைகள்

பிரிட்டனில் பெரும்பாலான கிளை அஞ்சலகங்களை நடத்துபவர்கள் ஊழியர்கள் அல்லர். ஒப்பந்த அடிப்படையில் இயங்கும் சிறு வணிகர்கள். ஒரு பக்கம் மளிகையோ வாழ்த்து அட்டைகளோ விற்பார்கள். மறுபக்கம் அஞ்சல் முகப்பு இருக்கும். அந்த வட்டாரத்து முதியோருக்கு ஓய்வூதியம் தருவதும் இவர்கள்தாம். துணை அஞ்சல் அதிபர்கள் என அழைக்கப்படும் இவர்களுடைய கணக்குகளைக் கையாள, ஃபுஜித்சு நிறுவனத்தின் ‘ஹொரைசன்’ என்ற கணினி அமைப்பு 1999 முதல் நிறுவப்பட்டது. விரைவிலேயே பல கிளைகளில் கணக்கில் பணம் குறையத் தொடங்கியது. குறைந்தது கணினித் திரையில் மட்டுமே.

ஆனால், குறையும் பணத்தைக் கிளைப் பொறுப்பாளரே ஈடுகட்ட வேண்டும் என்று அஞ்சலக நிறுவனம் ஒப்பந்தத்தைக் காட்டியது. பலர் சேமிப்பைக் கொட்டினார்கள், வீட்டை அடகுவைத்தார்கள். உதவி எண்ணை அழைத்தவர்களுக்கு, ‘வேறு யாருக்கும் இப்படி நேரவில்லை’ என்ற பதில் கிடைத்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அஞ்சலக நிறுவனம் தானே புலனாய்வு செய்து, தானே வழக்கும் தொடர்ந்தது. பாதிக்கப்பட்டதாகச் சொல்லிக்கொண்ட தரப்பே புலனாய்வாளராகவும் வழக்கு தொடுப்பவராகவும் இருந்தது.

1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டனர். ஹாம்ப்ஷயர் கிராமம் ஒன்றில் அஞ்சலகம் நடத்திய ஜோ ஹாமில்டன், உதவி எண்ணில் சொன்னபடி விசைகளை அழுத்தியபோது, பற்றாக்குறைத் தொகை அவர் கண்ணெதிரிலேயே இரட்டிப்பானது. பிரிட்லிங்டன் நகரின் லீ காசல்டன், நிறுவனத்தை எதிர்த்து நீதிமன்றத்தில் வாதாடித் தோற்று, 3 லட்சம் பவுண்டுக்கும் மேற்பட்ட வழக்குச் செலவைச் சுமந்து திவாலானார். சர்ரே மாவட்டத்தில் அஞ்சலகம் நடத்திய இந்திய வம்சாவளிப் பெண் சீமா மிஸ்ரா, 2010இல் கருவுற்றிருந்த நிலையில் சிறைக்கு அனுப்பப்பட்டார். தீர்ப்பு நாள், அவருடைய மூத்த மகனின் பத்தாவது பிறந்தநாள்.

வேல்ஸின் லண்டட்னோவில் அஞ்சலகம் நடத்திய ஆலன் பேட்ஸ், கணக்கில் காட்டப்பட்ட பற்றாக்குறையை ஏற்க மறுத்தார். 2003இல் அவருடைய ஒப்பந்தம் பறிக்கப்பட்டது. அவர் தளரவில்லை. தன்னைப் போன்றவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, 2009இல் ஒரு கிராமச் சமுதாயக்கூடத்தில் ஒன்றுகூட்டினார். ‘நாம் மட்டும்தான்’ என்று நம்பவைக்கப்பட்டவர்கள், ஒருவரையொருவர் நேரில் பார்த்தது அன்றுதான்.

ஆதாரம் இருந்தது, அசைவு இல்லை

இந்தச் செய்தியைத் தொலைக்காட்சித் தொடர் கண்டுபிடிக்கவில்லை. ‘கம்ப்யூட்டர் வீக்லி’ இதழ் 2009 மே மாதமே ஏழு பேருடைய கதைகளை வெளியிட்டது. ‘பிரைவேட் ஐ’ இதழ் தொடர்ந்து எழுதியது. பிபிசியின் ‘பனோரமா’ நிகழ்ச்சி 2015இல் இதை ஆராய்ந்தது. பேட்ஸும் 554 பேரும் சேர்ந்து தொடுத்த வழக்கில் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்த நீதிபதி ஃப்ரேசர், ஹொரைசனில் பிழைகள் இருந்ததை உறுதி செய்தார். நிறுவனத்தின் பிடிவாதத்தை, பூமி தட்டையானது என்று இன்றும் வாதிடுவதற்கு ஒப்பிட்டார். அந்த வழக்கில் நிறுவனம் தந்த தொகை 5.77 கோடி பவுண்டு. வழக்குச் செலவுகள் போகப் பாதிக்கப்பட்டோர் கையில் மிஞ்சியது, அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனைகளை ரத்து செய்தது. பொது விசாரணை ஆணையமும் செயல்பட்டுக்கொண்டிருந்தது.

அதாவது செய்தி, ஆதாரம், தீர்ப்பு, ஆணையம் என எல்லாம் இருந்தன. இல்லாதிருந்தது அரசியல் அவசரம் மட்டுமே. 2024 ஜனவரி 1 முதல் 4 வரை நான்கு இரவுகள் ஐடிவி அந்தத் தொடரை ஒளிபரப்பியது. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். நிறுவனத்தின் முன்னாள் தலைமைச் செயல் அலுவலர் பவுலா வெனெல்ஸின் அரச கௌரவத்தைத் திரும்பப் பெறக் கோரிய மனுவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். ஜனவரி 9 அன்று, அதைத் திருப்பி அளிப்பதாக அவர் அறிவித்தார். மறுநாள், தண்டனைகளை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யச் சட்டம் கொண்டுவரப்படும் என்று பிரதமர் ரிஷி சுனக் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். மே 24 அன்று அது சட்டமானது.

பதினைந்து ஆண்டு இதழியலும் இரு பெரும் தீர்ப்புகளும் செய்யாததை நான்கு இரவுகள் எப்படிச் செய்தன? ‘கணினிப் பிழை’, ‘கணக்கில் பற்றாக்குறை’ ஆகிய சொற்கள் செய்தியில் வரும்போது வாசகர் அவற்றைக் கடந்துபோகிறார். திரையில் ஒரு நடுத்தர வயதுப் பெண், தான் செய்யாத பிழைக்காகத் தன்னையே சந்தேகிக்கத் தொடங்கும்போது அப்படிக் கடக்க முடிவதில்லை. கதாசிரியர் க்வினெத் ஹியூஸ் மென்பொருளை விளக்க முயலவில்லை. தன் ஊர் மக்களின் முகத்தைப் பார்க்க முடியாமல் போகும் மனிதர்களின் அவமானத்தை எழுதினார். அவமானம் எல்லோருக்கும் விளங்கும். அத்துடன், அது தேர்தலை எதிர்நோக்கியிருந்த ஆண்டு. மக்களின் கோபத்தை அலட்சியப்படுத்தும் வசதி எந்தக் கட்சிக்கும் இல்லை.

படமாக்கப்படாதவர்கள்

பிரிட்டனுக்கு இது புதிதன்று. வீடற்ற குடும்பத்தின் சிதைவைச் சொன்ன ‘கேத்தி கம் ஹோம்’ படத்தை 1966இல் கென் லோச் இயக்கத்தில் பிபிசி ஒளிபரப்பியது. நாடே அதிர்ந்தது. ஆனால், வீடற்றோருக்கு உறைவிடம் தரும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புகள் மீது சுமத்திய சட்டம் 1977இல்தான் வந்தது. இடைவெளி பதினோரு ஆண்டுகள். அஞ்சலகத் தொடருக்கோ ஐந்தே மாதங்கள் போதுமானதாக இருந்தன. இந்த வேகம் வியக்கவைக்கிறது. அதே வேகம் ஒரு கவலையையும் எழுப்புகிறது.

நீதிமன்றங்கள் அளித்த தண்டனைகளை நாடாளுமன்றம் ஒரே சட்டத்தின் மூலம் ரத்து செய்தது அசாதாரணமான நடவடிக்கை. நீதித் துறையின் எல்லைக்குள் நாடாளுமன்றம் நுழைவதாகச் சட்ட வல்லுநர்கள் சிலர் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. ஆயினும், வழக்குகளை ஒவ்வொன்றாக எடுத்திருந்தால் முதியவர்கள் பலர் நீதியைக் காணாமலே மறைந்திருப்பார்கள் என்ற வாதமே வென்றது. அது சரியான முடிவு. ஆனால், அந்த முடிவை எடுக்கவைத்தது தொலைக்காட்சியின் ஒளி. அந்த ஒளி விழாத இடங்களில் இருப்பவர்களின் நிலை என்ன?

ஹொரைசனுக்கு முன்பு, 1990களில் சில கிளைகளில் ‘காப்சர்’ என்ற மென்பொருள் பயன்படுத்தப்பட்டது. அதுவும் பொய்யான பற்றாக்குறையை உண்டாக்கியிருக்க வாய்ப்புண்டு என்று அரசு அமர்த்திய தனிநிலை ஆய்வு 2024இல் கூறியது. அதன் அடிப்படையில் தண்டிக்கப்பட்டவர்களை 2024ஆம் ஆண்டின் சட்டம் உள்ளடக்கவில்லை. அவர்கள் மேல்முறையீட்டின் நீண்ட பாதையில்தான் நடக்க வேண்டியிருக்கிறது. இரு தரப்பாருக்கும் நேர்ந்த அநீதி ஒரே வகையைச் சேர்ந்ததே. ஒரு தரப்புக்குத் தொடர் கிடைத்தது, மற்றதற்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் மாறாமல் இருக்கிறது. கணினி தரும் சான்றை ஏற்பதற்கு முன்பு அது ஒழுங்காக இயங்கியதை நிறுவ வேண்டும் என்ற விதியை இங்கிலாந்து, 1999இல் இயற்றிய சட்டத்தின் மூலம் கைவிட்டது. ஹொரைசன் நிறுவப்பட்ட அதே ஆண்டு. அதன்பின், மாறாக நிரூபிக்கப்படாதவரை கணினி சரியாகவே இயங்குகிறது என்று நீதிமன்றம் அனுமானிக்கிறது. நிறுவனத்தின் கணினிக்குள் என்ன நடக்கிறது என்று அறிய வழியற்ற ஒரு கடைக்காரர், அதன் பிழையை எப்படி நிரூபிப்பார்? அந்த அனுமானத்தை மாற்றுவது குறித்து அரசு 2025 ஜனவரியில் கருத்துக் கேட்கத் தொடங்கியது. தண்டனைகளை ரத்து செய்வதில் காட்டிய வேகம், தண்டனைகளுக்கு வழிவகுத்த விதியைத் திருத்துவதில் தென்படவில்லை. மனிதர்களின் துயரத்தைத் தொடர் காட்டியது. சட்டப் பிரிவின் ஓட்டையைக் காட்டுவது எந்தத் தொடருக்கும் எளிதன்று.

இழப்பீட்டிலும் இதே நிலை. 2025 ஜூலையில் வெளியான விசாரணை ஆணைய அறிக்கையின் முதல் தொகுதி, குறைந்தது 13 பேர் இந்த அநீதியின் விளைவாகத் தற்கொலை செய்துகொண்டிருக்கக்கூடும் என்றும், ஏறத்தாழ 10,000 பேர் இழப்பீட்டுக்குத் தகுதியுடையோர் என்றும் கூறியது. தொடரின் நாயகர் ஆலன் பேட்ஸுக்கு 2024 ஜூனில் ‘சர்’ பட்டம் கிடைத்தது. அவருடைய இழப்பீட்டுக் கோரிக்கை முடிவுக்கு வந்ததோ 2025 நவம்பரில். அஞ்சலகத்தை இழந்து இருபத்திரண்டு ஆண்டுகள். அவராக நடித்தவர் விருது வாங்கி ஓராண்டுக்கும் மேல்.

திரையிடுவது எளிது

‘அடோலசன்ஸ்’ எழுப்பிய எதிர்வினை வேறு வகையானது. ஜாக் தோர்னும் ஸ்டீபன் கிரஹாமும் எழுதிய இத்தொடரின் ஒவ்வொரு பகுதியும் வெட்டே இல்லாமல் ஒரே காட்சியாகப் படமாக்கப்பட்டது. பெற்றோர் அடுத்த அறையில் இருக்கும்போதே, இணையத்தின் பெண்வெறுப்பு ஒரு சிறுவனை எப்படி ஆட்கொள்கிறது என்பதே அதன் கேள்வி. 2025 மார்ச்சில் வெளியான சில வாரங்களில் பிரதமர் கியர் ஸ்டார்மர் அதன் படைப்பாளர்களைத் தம் அலுவலகத்துக்கு அழைத்துப் பேசினார். மேல்நிலைப் பள்ளிகளில் இலவசமாகத் திரையிடும் திட்டத்தை வரவேற்றார். அவர் அதைப் பற்றிப் பேசும்போது வாய்தவறி ‘ஆவணப்படம்’ என்றே குறிப்பிட்டதும் நடந்தது.

அந்த வாய்தவறலைப் பொருட்படுத்தத் தேவையில்லை. ஆனால், நாடகத்தைக் கொள்கையின் இடத்தில் வைக்கும் போக்கைப் பொருட்படுத்தத்தான் வேண்டும். தொடரை வகுப்பறையில் திரையிடச் செலவில்லை. படம் முடிந்ததும் மாணவன் கேட்கும் கேள்விகளுக்கு அமர்ந்து பதில் சொல்லப் பயிற்சி பெற்ற ஆசிரியரும் மனநல ஆலோசகரும் தேவை; அதற்குச் செலவாகும். சமூக ஊடக நிறுவனங்களைக் கட்டுப்படுத்த உறுதி தேவை. அதற்கு அரசியல் விலை உண்டு. விருது பெற்ற தொடரை அரசு கொண்டாடும்போதெல்லாம், அந்தக் கொண்டாட்டம் எந்தச் செலவைத் தவிர்க்க உதவுகிறது என்று கேட்பது குடிமக்களின் கடமை.

அடுத்த தொடரை எடுப்பது யார்?

விருது மேடையில் யாரும் உரக்கப் பேசாத செய்தி ஒன்று உண்டு. நாட்டின் சட்டத்தையே மாற்றிய அஞ்சலகத் தொடரால் ஐடிவிக்குச் சுமார் 10 லட்சம் பவுண்டு இழப்பு ஏற்பட்டதாக அந்நிறுவனத்தின் நிர்வாகமே கூறியது. தரமான தொடரின் செலவு இன்று உள்நாட்டு விளம்பர வருவாயை மிஞ்சிவிட்டது. வெளிநாட்டு விற்பனைதான் அந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டும். பிரிட்டனின் கிராம அஞ்சலகக் கணக்குகளைப் பற்றிய கதையை வாங்க உலகச் சந்தை ஆர்வம் காட்டவில்லை. இயக்குநர் பீட்டர் கோஸ்மின்ஸ்கி, தம் ‘வுல்ஃப் ஹால்’ தொடரின் இரண்டாம் பாகம் நிறைவேறுவதற்காகத் தாமும் நாயகன் மார்க் ரைலன்ஸும் ஊதியத்தில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்ததாக நாடாளுமன்றக் குழுவிடம் தெரிவித்தார். இணையவழித் தளங்கள் பிரிட்டனில் ஈட்டும் சந்தா வருவாயில் 5 விழுக்காட்டை உள்நாட்டுப் படைப்புகளுக்கான நிதியாகப் பெறலாம் என்று அந்தக் குழு 2025 ஏப்ரலில் பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை.

2025 நவம்பரில் மற்றொரு செய்தி வந்தது. ஐடிவியின் ஒளிபரப்புப் பிரிவைச் சுமார் 160 கோடி பவுண்டுக்கு ஸ்கை நிறுவனத்திடம் விற்பது குறித்துத் தொடக்கநிலைப் பேச்சு நடப்பதை ஐடிவி உறுதிப்படுத்தியது. ஸ்கை, அமெரிக்காவின் காம்காஸ்ட் நிறுவனத்துக்குச் சொந்தமானது.

‘அடோலசன்ஸ்’ தொடரை அமெரிக்கத் தளம்தானே தந்தது என்று வாதிடலாம். நியாயமான வாதம். அதன் படைப்பாளர்கள் பிரிட்டன்காரர்கள். கதை நிகழ்வது வட இங்கிலாந்தில். பிரிட்டனின் வாராந்தரப் பார்வையாளர் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் இணையவழித் தொடரும் அதுவே. எம்மி விழாவில் சிறந்த குறுந்தொடருக்கான விருதையும் அது வென்றது. உலகத் தளங்களால் நல்ல படைப்புகள் வருவதில்லை என்பது உண்மைக்குப் புறம்பு. ஆனால், பதின்பருவப் பிள்ளையின் கையில் இருக்கும் கைபேசி எல்லா நாடுகளுக்கும் பொதுவான அச்சம். சா பாலோவிலும் சோலிலும் சென்னையிலும் பெற்றோர் அதே அச்சத்துடன் இருக்கிறார்கள். ஒரு நாட்டின் அரசு நிறுவனம் தன் மக்களுக்கு இழைத்த குறிப்பான அநீதி அப்படிப் பொதுவாக விற்கக்கூடிய சரக்கன்று. அதைப் படமாக்க, இழப்பு வந்தாலும் தாங்கிக்கொள்வோம் என்று முடிவெடுக்கும் ஓர் உள்நாட்டு அலைவரிசை வேண்டும். அந்த முடிவைப் பொதுச்சேவைக் கடமையாகக் கருதும் சட்டமும் மரபும் வேண்டும்.

மக்கள் தங்கள் வாக்கால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்கள். அரசு செய்ய வேண்டியவை நிலுவையில் உள்ளன. இழப்பீட்டை முடிக்க வேண்டும். ‘காப்சர்’ வழக்குகளுக்கும் அதே தீர்வை நீட்டிக்க வேண்டும். கணினி பொய் சொல்லாது என்ற அனுமானத்தைச் சட்டத்திலிருந்து அகற்ற வேண்டும். பொதுச்சேவை ஒளிபரப்புக்கு நிலையான நிதிவழி காண வேண்டும். அநீதிக்கு ஆளான ஒருவர் தம் கதையைப் படமாக்க யாரேனும் முன்வரும் வரை காத்திருக்க நேர்ந்தால், அந்த நாட்டில் நீதியும் வாக்கெடுப்பில் கிடைக்கும் பரிசாகிவிடும். ஆலன் பேட்ஸும் தோழர்களும் 2009இல் அந்தக் கிராமச் சமுதாயக்கூடத்தில் கூடியபோது கேட்டது விருதை அன்று. தங்கள் கணக்கைச் சரிபார்க்கும்படி மட்டுமே கேட்டார்கள்.